கூட்டிப் பெருக்கிய கொல்லை

அந்த மூணு கால் சாமான அங்க நட்டு வெக்காதீங்க மேடம். நாலடி இந்தப் பக்கம் தள்ளி வாங்க. சொன்னா கேளுங்க. போன வாரம் நான் குந்தி வெத்தல போட்ட எடம் இப்ப முப்பதடி கீழ கெடக்குது. நான் எழுந்து வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு வரதுக்குள்ள போயிடுச்சி. மழகூட இல்ல. தை மாசத்துல, நல்ல வெயில்ல, சும்மா தொபுக்குன்னு. இந்த மேட்டு மண்ணு அப்படித்தான். காஞ்சா கடப்பாறை எறங்காது, நனஞ்சா டீயில முக்குன பிஸ்கட்டு.

உங்க ஆபீசுலேர்ந்து வர மூணாவது ஆளு நீங்க. மொதல்ல தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்தாரு. சுண்ணாம்புத் தூள்ல ஒரு கோடு போட்டாரு. "பெரியவரே, பள்ளம் இந்தக் கோட்டத் தாண்டாது"ன்னாரு. அந்த ஐப்பசியிலயே கோடு பள்ளத்துக்குள்ள போயிடுச்சி. ரெண்டாவதா வந்தவரு கல்லு நட்டாரு. நம்பர் எழுதுன கல்லு, ஒண்ணுலேர்ந்து ஒம்போது வரைக்கும். இப்ப ஒம்போதாவது கல்லு மட்டும் நிக்குது, அதோ, அதுவும் தலையச் சாச்சிக்கிட்டு. நீங்க என்னா நடப்போறீங்க? அளக்க மட்டும்தான் வந்தீங்களா? அளங்க. அளந்தா நிக்கும்னா நான் தெனம் அளந்திருப்பேன்.

எம் பேரு கலியபெருமாள். எழுதிக்குங்க. வயசு அறுவத்தெட்டு. நாலு ஏக்கரா முந்திரிக் கொல்லை. பட்டாவுல நாலு. காலுக்குக் கீழ மூணே கால் இருந்தா அதிகம். மிச்சம் ஓடை வழியா ஆத்தங்கரைக்குப் போயிடுச்சி. கீழ வாழ போடுறவனெல்லாம் எம் மண்ணுலதான் போடுறான். ஒருத்தனாச்சும் ஒரு சீப்பு பழம் எடுத்தாந்து குடுத்திருப்பானா? அவ்வளவுதான் அவனுவோ மரியாத.

உங்க தாளுல காரணம்னு எழுத ஒரு கட்டம் இருக்குமில்ல? அதுல என்னா எழுதணும்னு நான் சொல்றேன். அதுக்கு முன்ன கொல்லைய ஒரு சுத்து பாருங்க. ஒரு சருவு தெரியுதா? ஒரு புல்லு? சோத்தத் தரையில கொட்டி அள்ளித் திங்கலாம். பண்ருட்டிப் பக்கம் பூரா மாசி மாசம் கொட்ட விழுற பருவத்துக்குத்தான் மரத்தடியக் கூட்டுவானுவோ, விழுந்த கொட்ட கண்ணுல படணும்னு. அது சோம்பேறி வேல. நான் பன்னெண்டு மாசமும் கூட்டுறவன். ஐப்பசி மழ வரப்போவுதுன்னு தெரிஞ்சா ரெண்டு தரம் கூட்டுவேன். வாரி எடுத்த சருவ ஓரத்துக்குத் தள்ளி பள்ளத்துல வுட்டுடுவேன். ஆவணியில டிராக்டர் வுட்டு உழுவேன். மேட்டுலேர்ந்து ஓரம் வரைக்கும் நேர் சாலு, நூலு புடிச்சாப்பல. குறுக்க ஓட்டச் சொல்லி அறிவுரை சொல்ல வந்தானுவோ நாலு பேரு. குறுக்க ஓட்டுனா சாலுல தண்ணி தேங்கும். பாக்க அசிங்கம். தண்ணின்னா வரணும், போவணும். அதுக்குத்தான் நடுக் கொல்லையில வாய்க்கா வெட்டி நேரா ஓரத்துல எறக்கி வுட்டிருக்கேன். மழ நின்னு அர மணி நேரத்துல எங் கொல்லையில செருப்போட நடக்கலாம், ஈரம் ஒட்டாது. இந்த ஊர்ல எவனால அப்படிச் சொல்ல முடியும்?

என்னா அந்த வாய்க்காலையே பாக்கறீங்க? ஆமா, பள்ளம் அதோட வாயிலேர்ந்துதான் ஆரம்பிச்சுது. தண்ணி விழுற எடத்துல கொஞ்சம் பள்ளம் வுழத்தான் செய்யும். படிச்சவங்க உங்களுக்கு அது தெரியாதா? அது காரணமில்ல. காரணம் வேலிக்கு அந்தாண்ட இருக்குது.

அது எந் தம்பி தணிகாசலம் கொல்லை. தானே புயலுக்கு முந்துன வருசமே அவன் செத்துட்டான். இப்ப அவன் பொண்டாட்டி அஞ்சலாட்சி பாத்துக்கறா. பாத்துக்கறான்னு சொல்லக் கூடாது, போட்டு வெச்சிருக்கா. அந்தப் புயல்ல இந்த மேட்டுல முந்திரி மரம்னு ஒண்ணு நிக்கல மேடம். எல்லாம் வேரோட சாஞ்சிது. நான் ஒரே மாசத்துல அத்தனையும் அறுத்து, வேரத் தோண்டி, லாரியில ஏத்தி, வெறும் தரையாக்கி, கயிறு கட்டி வரிசையா புதுக் கன்னு வெச்சேன். அவ என்னா பண்ணா? விழுந்த மரத்த விழுந்தபடியே வுட்டுட்டா. கேட்டா ஆள் கெடைக்கலையாம், ஒண்டிப் பொம்பள என்னா பண்றதாம். சரிவுக்குக் குறுக்க குறுக்க கெடந்த மரமெல்லாம் அப்படியே மக்கி, மேல சருவு சேந்து, அது மேல புல்லு மொளச்சி, அது மேல மறுபடி சருவு. பாம்பு இருக்குது. கீரி இருக்குது. மயிலு வந்து முட்ட வெக்கிது. மனுசன் கால் வெக்க எடமில்ல. கொட்ட பொறுக்கணும்னா ஒவ்வொரு சருவா வெலக்கி வெலக்கிப் பொறுக்குவா, கோழி கிண்டுறாப்பல. அந்தக் கூத்த பாத்துக்கிட்டே நான் வெத்தல போடுவேன்.

இப்ப நீங்களே சொல்லுங்க. சரிவு ஒண்ணு, மண்ணு ஒண்ணு, மழயும் ஒண்ணு. பள்ளம் எங் கொல்லையத் தின்னுக்கிட்டே வந்து அவ வேலிய கண்டதும் நின்னுடுச்சி. அவ பக்கம் ஒரு முழம் போவல. எப்படி? அவ தண்ணியப் பூரா எம் பக்கம் திருப்பி வுடறா. எப்படித் திருப்புறான்னுதான் கண்டுபுடிக்க முடியல. கொட்டுற மழயில சாக்கப் போத்திக்கிட்டு வேலிகிட்ட நின்னு பாத்தேன், ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. அவ கொல்லையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வரல. அத்தினி மழத் தண்ணி வானத்துலேர்ந்து விழுதில்ல, அது எங்க போச்சி? அதான் மேடம் திருட்டுத்தனம்ங்கிறது. இத எழுதுங்க.

எழுதறீங்களா, சிரிக்கிறீங்களா? சரி, எழுதுங்க.

எம் பொண்டாட்டி செந்தாமரைக்கும் அவளுக்கும் ரொம்ப ஆவும். ஓரகத்திங்கன்னா அடிச்சிக்கணும், அதான் ஒலகத்துல நடக்கறது. இதுங்க ரெண்டும் ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சிதுங்க. அந்தப் பலா மரம் தெரியுதா? புயலுக்கே அசையாத மரம். அதுக்குக் கீழதான் கச்சேரி. மத்தியானம் ஆனா செந்தாமர வேலிய நவுத்திக்கிட்டு அங்க போயிடுவா. நான் கூட்டச் சொன்ன எடம் இங்க பாதியில கெடக்கும். முப்பத்தெட்டு வருசம் என்கூடக் குடும்பம் நடத்தி ஒரு மரத்தடிய முழுசாக் கூட்டக் கத்துக்கல. தொடப்பத்த எடுத்தா நாலு இழுப்பு, அப்பறம் அத மரத்துல சாத்தி வெச்சிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நிப்பா. அப்படி ஒரு பொம்பள.

ஏழு வருசத்துக்கு முன்ன நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டு படுத்தா. கடைசியில கட்டுல வாசல்ல போடச் சொன்னா. போட்டேன். "ஏங்க, என்ன அஞ்சலாட்சி கொல்லையில பலா மரத்தடியில போட்டுடுங்க"ன்னா. ஏன்டி, ஒனக்கு நாலு ஏக்கரா இல்லியான்னேன். "இருக்குது. ஒங்க தரை சுடுதுங்க. அங்க மெத்துன்னு இருக்கும்"ன்னா. செத்தவளுக்கு என்னா சுடும், என்னா மெத்து? புத்தி கலங்கிப் பேசறான்னு வுட்டுட்டேன்.

எங்க வகையறாவுல பொதைக்கிறதுதான். அவங்கவங்க கொல்லையிலதான் பொதைக்கணும். கலியபெருமாள் பொண்டாட்டிக்கு ஆறடி எடம் இல்லாம தம்பி பொண்டாட்டிகிட்ட போயி கையேந்துனான்னு டீக்கடையில பேசுவானுவோ. இந்த ஊருக்காரன் பேசறதுக்குன்னே பொறந்தவன். அதனால கொல்லையிலயே நல்ல எடமாப் பாத்து வெச்சேன். மேக்கு ஓரம். அங்க நின்னா ஆறு வரைக்கும் தெரியும், சாயங்காலம் காத்து பிச்சிக்கிட்டுப் போவும். மேட கட்டி நீலமும் வெள்ளையுமா டைல்ஸ் ஒட்டுனேன். சுத்தி ஒரு மரம் அளவுக்கு எடத்தக் கூட்டிப் பெருக்கி, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம சாணி போட்டு மொழுவி வுட்டேன். உயிரோட இருந்தப்ப அவ கூட்டாத கூட்டையெல்லாம் அவளுக்காக நான் கூட்டுனேன். சாமி கோயிலு கூட அவ்வளவு சுத்தமா இருக்காது.

அப்ப பள்ளம் அறுவது காலடி தள்ளி இருந்துச்சி. நான் நடந்து பாத்து வெச்சிருக்கேன். மறு வருசம் நாப்பத்தஞ்சி. அப்பறம் முப்பது. போன வருசம் ஆடியில பன்னெண்டு.

அஞ்சலாட்சி வேலிகிட்ட வந்து நிப்பா. "மாமா, அக்கா தலமாட்டுக்கே வந்துடுச்சி. இந்த ஒரு மழைக்காவது சருவ வாராம வுடுங்க. வாய்க்கால்ல நாலு கெளைய குறுக்க போட்டு வெய்யுங்க." யாருகிட்ட சொல்றா பாருங்க. அம்பது வருசமா மண்ணுல கெடக்கறவன்கிட்ட. குப்பையப் போட்டு மண்ண நிறுத்தறதாம். ஒரு நாளு நான் பண்ருட்டி போயிருந்த நேரம், அவளே வந்து வாய்க்கால்ல முந்திரிக் கெளையா அடுக்கி வெச்சிட்டுப் போயிருந்தா. வந்து பாத்தேன். ஒண்ணு விடாம உருவி அவ வேலிக்கு அந்தாண்ட எறிஞ்சேன். கையில வேலி முள்ளு ஏறி சீழ் புடிச்சி பத்து நாளு அவஸ்த. அதுக்கும் அவதான் காரணம்.

புரட்டாசியில மறுபடி வந்தா. "அக்காவ எடுத்து இந்தப் பக்கம் வெச்சிடலாம் மாமா. நானும் இன்னும் ரெண்டு பொம்பளைங்களும் போதும், நீங்க கூட வர வேணாம்"ன்னா. எனக்கு வந்துச்சி பாருங்க. "எந் தம்பிய முழுங்குனது பத்தலையா, எம் பொண்டாட்டியும் வேணுமா"ன்னு கேட்டுட்டேன். ரோட்டுல போறவன் நின்னு பாக்கற மாதிரி கேட்டேன். அவ வேலி முள்ளுல மாட்டுன முந்தானைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. வாய அடச்சிட்டேன் இல்ல?

தம்பி மஞ்சக் காமாலையில செத்தான். நாப்பது நாளு அவன் மலஜலம் எடுத்தவ அவதான். சரி, அத நான் சொல்லியிருக்க வேணாம். சொல்லிட்டேன். அத நீங்க எழுத வேணாம்.

ஐப்பசி கடைசியில மேடைக்கு இந்தப் பக்கமா, பள்ளத்துக்கு எதிர்ப் பக்கமா, தரையில ஒரு கோடு தெரிஞ்சுது. மயிரு மாதிரி. ரெண்டு நாள்ல வெரல் போச்சி. நாலாம் நாளு உள்ளங்கைய வெச்சா உள்ள சில்லுன்னு காத்து வருது. எனக்குத் தெரியாதா அது என்னான்னு? தெரியும். ஆனா வேலிக்கு அந்தாண்ட நின்னு அவ பாத்தா என்னா நெனப்பா? மண்ணக் கொழச்சி ரொப்பி, மேல சாணி போட்டு மொழுவி வுட்டேன். பளிச்சின்னு ஆயிடுச்சி. மூணு தரம் வாய தெறந்துச்சி, மூணு தரமும் மொழுவுனேன். அதப் பாத்து யாரும் அங்க விரிசல் இருக்குதுன்னு சொல்ல முடியாது. நீங்களே வந்திருந்தாலும் கண்டுபுடிச்சிருக்க முடியாது. அவ்வளவு வேலப்பாடு.

கார்த்திக தீபத்துக்கு மறுநாளு. மூணு நாளு அடிச்ச மழ விடிய வுட்டுது. மழயில எல உதுந்திருக்கும், மேடையச் சுத்திக் கூட்டிடலாம்னு தொடப்பத்த எடுத்துக்கிட்டு வந்தேன். இருவது காலடி இருக்கும்போது சத்தம். பெரிய சத்தமில்ல. மூட்டைய எறக்கி வெச்சா வருமில்ல, அந்த மாதிரி. மேட அப்படியே நின்ன மேனிக்குக் கீழ எறங்குச்சி. ஒரு ஆளு குந்தறாப்பல நெதானமா. அப்பறம் இல்ல. எதுத்தாப்பல இருந்த ஆறு மட்டும் தெரியுது. நான் தொடப்பத்தோட நிக்கிறேன்.

ஊரு கூடிடுச்சி. கூடுனா போதுமே. ஒருத்தன் ஃபோன்ல படம் புடிக்கிறான். ஒருத்தன் தீயணைப்புக்குச் சொல்லுங்கன்றான், என்னமோ தீ புடிச்சாப்பல. எம் பங்காளி ஒருத்தன், மீச வெச்சிக்கிட்டுத் திரியறவன், "போனது போயிடுச்சி, கீழயே ஒரு சூடம் கொளுத்திடலாம்"ன்றான். ஒருத்தனும் எறங்கல. நான் எறங்கியிருப்பேன். எனக்கு முட்டி வராது. தவிர எம் பக்கம் செவுரு மாதிரி செங்குத்தா நிக்குது, எறங்க வழியே இல்ல.

அவ எறங்குனா. சேலய வரிஞ்சி கட்டிக்கிட்டு, முந்திரிப்பழம் அள்ளுற கூடைய தலையில கவுத்துக்கிட்டு, அவ பக்கத்துலேர்ந்து. அங்க சரிவா இருக்குது, புல்லு இருக்குது, வேரு நீட்டிக்கிட்டு இருக்குது, புடிச்சிப் புடிச்சி எறங்கிட்டா. அவளும் அம்பத்தெட்டு வயசுப் பொம்பளதான். மேல இன்னொரு பாளம் தொங்குது மேடம். எந்நேரமும் விழும். நான் மேலேர்ந்து கத்துறேன், "ஏய், அவள தொடாத. எம் பொண்டாட்டிய தொடாத." அவ நிமுந்தே பாக்கல. டைல்ஸ ஒவ்வொண்ணா நவுத்தி, செவப்புச் சேத்துக்குள்ள கையவுட்டு, தடவித் தடவி எடுக்கறா. கொட்ட பொறுக்குவான்னு சொன்னேன் பாருங்க, அந்த மாதிரி. அவசரமில்லாம. வெலக்கி வெலக்கி. ஒவ்வொண்ணையும் முந்தானையில தொடச்சி கூடையில வெக்கிறா. காலயில எறங்குனவ உச்சிப்பொழுதுக்குத்தான் ஏறுனா. ஏறி பத்து நிமிசத்துல அந்தப் பாளம் விழுந்துச்சி.

எம் பக்கம் ஏறல. அவ பக்கம்தான் ஏறுனா. அதான் அவ சாமர்த்தியம். கூடையோட நேரா பலா மரத்தடிக்குப் போயி, பானையில வெச்சி, அவளே குழி வெட்டி வெச்சிட்டா. நான் வேலிகிட்ட நின்னேன். உள்ள வாங்கன்னா. போனேன். மூணு புடி மண்ணு போடச் சொன்னா. போட்டேன். அப்பறம் என்னப் பாத்து, "மாமா, எப்ப வேணும்னாலும் வாங்க. வேலிய நான் கட்ட மாட்டேன். தொடப்பத்த மட்டும் அந்தப் பக்கமே வெச்சிட்டு வாங்க"ன்னா.

எப்படி இருக்குது பாருங்க சட்டம். எம் பொண்டாட்டி. எந் தொடப்பம்.

தெனம் போறேன். வேற என்னா வேல? தொடப்பத்த வேலியில சாத்தி வெச்சிட்டுப் போறேன். மேட இல்ல, டைல்ஸ் இல்ல, ஒரு செங்கல்லு கூட நட்டு வெக்கல. சருவுதான். பலா எல விழுது, ஒண்ணு விழுந்தா அது மேல இன்னொண்ணு. நான் பாத்துக்கிட்டே குந்தியிருக்கணும். கை பரபரங்குது. ஒரு நாளு அவ இல்லாத நேரம் ஒரே ஒரு எலய எடுத்துப் போட்டேன். அடியில மண்ணு கறுப்பா, ஈரமா இருக்குது. எங் கொல்லையில கறுப்பு மண்ணு ஏது? மறுபடி எலய அது மேலயே வெச்சிட்டேன். யாருக்கும் தெரியாது. செருப்பக் கழட்டிட்டுத்தான் குந்தறேன். மாசி வெயிலு ஆரம்பிக்கப் போவுது, எங் கொல்லையில வெறுங்கால்ல நடந்தா கொப்பளம் வந்துடும். அங்க சில்லுன்னுதான் இருக்குது. மெத்துன்னுதான் இருக்குது. அவ சொன்னது சரிதான். அதுக்கு இப்ப நான் என்னா பண்ணட்டும்?

ஊருல பொம்பளைங்க என்னா பேசிக்கறாளுவோ தெரியுமா? குழாயடியில, எங் காது படவே பேசறாளுவோ. "செந்தாமர கேட்ட எடத்துக்கே போயி சேந்துட்டா பாரு. ஏழு வருசம் படுத்து யோசிச்சி, அந்த ஆளு வுட மாட்டான்னு தெரிஞ்சி, மண்ணோட எறங்கிப் போயிட்டா"ன்னு. சிரிக்கிறாளுவோ. முப்பத்தெட்டு வருசம் இருந்தவ மேடம். நான் திட்டுவேன், ஆமா. அடிச்சதில்ல. கஞ்சி காச்சி குடுத்திருக்கேன். கடைசி மாசம் தல வாரி வுட்டதே நான்தான். அவ என்ன வுட்டுட்டுப் போவாளா?

அந்தக் கட்டத்துல அஞ்சலாட்சி பேர எழுத வேணாம். வுடுங்க. வாய்க்கான்னு எழுதறீங்களா, சாலுன்னு எழுதறீங்களா, உங்க இஷ்டம். உங்க ஆபீசு தாளு எதுக்கு ஆவும், ஒண்ணுத்துக்கும் ஆவாது, அது எனக்குத் தெரியும். ஆனா அதுல சீல் இருக்கும், கையெழுத்து இருக்கும். ஒரு வரி மட்டும் சேத்துக்குங்க. செந்தாமரை, கலியபெருமாள் மனைவி, மண்ணு சரிஞ்சிதான் அந்தப் பக்கம் போனா. அவளா போவல.

எழுதிட்டீங்களா? ஒருவாட்டி படிச்சிக் காட்டுங்க.